அக்கா கடைக் காதல் அலமாரி: வாடகை 2 வெள்ளி, முடிவு இலவசம்

கடை எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா பெரிய சாலையில், மோட்டார் சாமான் கடைக்கும் சீன மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு கதவு இருக்கும். 2007-ல் ஊர்ப் பெயரை மாற்றினார்கள், சாலைப் பலகையெல்லாம் மாறிவிட்டது. எங்கள் வாயில் வருவது இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். கடையின் பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது, அதனால் பெயர் கேட்காதீர்கள். வீடியோ கடை என்றால் யாரும் கை காட்டுவார்கள். வாசலில் பூச்சரம், கற்பூரம், போன் டாப்-அப், தமிழ்ப் பத்திரிகை. அதைப் பார்த்து இது சாமி சாமான் கடை என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு. மேசை விசிறியைத் தாண்டி உள்ளே போனால்தான் இரண்டு பக்கச் சுவரிலும் படம்.

வலது சுவரில் சண்டை, பக்தி, திகில், பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி எல்லாம் கலந்து கிடக்கும். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. இடது சுவர் முழுக்கக் காதல். நான் எழுத வந்தது அந்த ஒரு சுவரைப் பற்றித்தான்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் மணி அடிக்கும்வரை வேனும் சும்மா, நானும் சும்மா. பசியாறிவிட்டு அக்கா கடைக்குள் நுழைவது வழக்கமாகிவிட்டது. அக்காவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ரப்பர் தோட்டத்தில் கிராணி (கணக்கர்) வீட்டில் மட்டும் வீடியோ டெக் இருந்த காலத்திலேயே ஜன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்தவர். "கடைய எழுது, என் பேர எழுதாத" என்று சொல்லிவிட்டார். ஆகவே அக்கா என்றே போட்டுக்கொள்கிறேன்.

மற்ற கடைகளில் நடிகர் வாரியாக அடுக்கியிருப்பார்கள், விஜய் ஒரு தட்டு, அஜித் ஒரு தட்டு என்று. போனில் பார்க்கும் படச் செயலிகளில் ரொமான்ஸ் என்று ஒரே வரிசை. தள்ளத் தள்ளப் போஸ்டர் வந்துகொண்டே இருக்கும், எல்லாப் போஸ்டரிலும் இரண்டு பேர் நெற்றி முட்டி நிற்பார்கள். அக்கா பழைய காலண்டர் அட்டையை வெட்டி, மார்க்கர் பேனாவால் எழுதி, டிவிடிகளுக்கு நடுவே சொருகி வைத்திருக்கிறார். விட்டுக்கொடுத்தது. சண்டை போட்டு சேந்தது. தாலிக்கு அப்புறம். சொல்லாதது. பாக்காதது. அழுகை. வருசம் கழிச்சி. பேய். நம்ம ஊரு. எட்டாத உயரத்தில், கூரையை ஒட்டி, தொரத்துறது. நடிகர், இயக்குநர், மொழி, வருஷம் எதையும் அக்கா பார்ப்பதில்லை. இரண்டு பேருக்கு நடுவில் எது நிற்கிறது, கடைசியில் அது நகர்ந்ததா இல்லையா, இந்த இரண்டு கேள்விதான்.

"எந்தத் தமிழ்ப் படத்துலதான் காதல் இல்ல, எல்லாத்தையும் இந்தப் பக்கம் வைக்க வேண்டியதுதானே?" என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். அக்கா பூத் தொடுத்துக்கொண்டே சொன்னார்: "காதலக் கழட்டிப் பாரு தம்பி. படம் நின்னுச்சின்னா அந்தப் பக்கம். விழுந்துச்சின்னா இந்தப் பக்கம்." போலீஸ் கதையில் பாட்டுக்குப் பாட்டு வந்து போகிற நாயகியைக் கழட்டினாலும் திருடன் பிடிபடுவான், அதனால் வலது சுவர். யோசித்துப் பார்த்தால் காதல் படம் என்ற வகைக்கு இதைவிடச் சுருக்கமாக இலக்கணம் சொல்ல முடியாது.

ஆனால் சோதனையில் சிக்குகிற படங்களும் உண்டு. டைட்டானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் வந்து 11 ஆஸ்கர் வாங்கிய படம். "காதல் இருந்தாலும் இல்லாட்டியும் 1912-ல அந்தக் கப்பல் முழுகத்தானக்கா செஞ்சிச்சி?" என்றேன். "முழுகும். ஆனா யாரு அழுவா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரோஜா விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. 1992-ல் வந்த படம், காஷ்மீரில் கடத்தப்பட்ட புருஷனை மீட்க மொழி தெரியாத ஊரில் ஒரு பெண் அலைகிற கதை. அக்கா அதைச் சண்டைப் படங்களோடு வைத்திருக்கிறார். அவள் பாசத்தைக் கழட்டினால் அலைய யார் இருக்கிறார்கள்? அக்கா காது கொடுப்பதில்லை. ஆள் இல்லாத நேரத்தில் நான் அதை இடது சுவருக்கு மாற்றி வைத்தால் மறுவாரம் பழைய இடத்திலேயே இருக்கும்.

எங்கள் வீட்டில் அதிகம் போய்வருவது 'விட்டுக்கொடுத்தது' தட்டுதான், காரணம் அம்மா. அம்மா பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற வேலை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், முன்னால் இடம் கிடைக்காமல் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர்களில் ஒருவர். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் திரும்பித் தெரியும். ஜெமினி கணேசன் இடது கையால் எழுதுகிறவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தாராம். அந்தத் தட்டின் முதல் டிவிடி கல்யாண பரிசு. 1959, ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். அக்காளும் தங்கையும் ஒருவனையே விரும்ப, தங்கை விட்டுக்கொடுக்கிறாள். அக்காள் இறந்துபோன பிறகு அவன் குழந்தையோடு தேடி வரும்போது தங்கைக்கு வேறொருவரோடு கல்யாணம் நடக்கிறது. குழந்தையையே கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறான். கதை முழுக்கத் தெரிந்தும் அம்மா ஒவ்வொரு முறையும் தங்கவேலு வரும் இடங்களில் சிரித்துவிட்டு, கடைசியில் முந்தானையைத் தேடுவார்.

பக்கத்திலேயே நெஞ்சில் ஓர் ஆலயம். அதுவும் ஸ்ரீதர்தான், 1962. முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற கதை. புற்றுநோயோடு வருகிறவனின் மனைவி, அவனைக் காப்பாற்ற வேண்டிய டாக்டருடைய பழைய காதலி. டாக்டர் அவனைப் பிழைக்க வைத்துவிட்டுத் தான் போய்ச் சேருகிறார். இந்த இரண்டுக்கும் நடுவில், கறுப்பு வெள்ளை அட்டையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். அது காசாபிளாங்கா, 1942. மொராக்கோவில் மதுக்கடை நடத்துகிறவன், இரண்டாம் உலகப் போர் நேரம், பழைய காதலி புருஷனோடு வந்து நிற்கிறாள். ஊரைவிட்டுப் போகும் அனுமதிக் கடிதம் அவன் கையில். கடைசியில் விமான நிலையத்தில் அவளைப் புருஷனோடு ஏற்றிவிட்டு அவன் நின்றுவிடுகிறான். சினிமா படித்தவர்கள் இதைப் போர்க்காலக் காதல் என்று தனியாகப் பிரிப்பார்கள். ஹாலிவுட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் ஒரே அட்டை போதும் என்று அக்கா முடிவெடுத்திருக்கிறார். அந்த ஆங்கிலப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. விமானம் கிளம்பியதும், "இவனும் ஜெமினி மாதிரிதான்" என்றார்.

'சண்டை போட்டு சேந்தது' தட்டு என் பெண்டாட்டிக்கு. ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு அழுகை ஆகாது. இங்கே காதலிக்க நேரமில்லை இல்லாமல் இருக்குமா? 1964, கலர்ப் படம். எஸ்டேட்டில் வேலை போன பையன் முதலாளி பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து உட்கார்ந்துவிடுகிறான், முதலாளி மகளையும் காதலிக்கிறான், நண்பனைக் கோடீஸ்வர அப்பாவாக வேஷம் போடவைத்து ஏமாற்றுகிறான். தோட்டத்தில் பிறந்தவர்கள் அந்தக் கூடாரக் காட்சிக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பார்கள். நாங்கள் பார்த்த தோட்டங்களில் வேலை போனவன் லயத்து வீட்டையும், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டையும், காலி செய்ய வேண்டும், கூடாரம் எங்கே அடிப்பது? நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தை நான் எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

அதே தட்டில் இருக்கும் ஒரு பழைய ஆங்கிலப் படத்தைப் பலரும் தொடுவதில்லை. இட் ஹேப்பண்ட் ஒன் நைட், 1934. பணக்கார அப்பாவிடமிருந்து ஓடிவந்த பெண்ணும் வேலை போன நிருபனும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் காசு இல்லை, ஒரே அறையில் இரண்டு கட்டில். நடுவில் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கப் போட்டுவிட்டு, போர்வைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சண்டை போடுவார்கள். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கரையும் ஒரே படம் அள்ளியது அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் பாதியிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதியை இறுக்கிப் பிடித்தார்கள். தொட்டுக் காட்ட முடியாததையெல்லாம் வாயாலேயே காட்ட வேண்டியதாயிற்று. அடுத்த பல வருஷங்களுக்கு வாய்ச்சண்டைக் காதல் படங்கள் வரிசையாக வந்தன. தமிழில் இதே பாணிக்குப் பஞ்சமில்லை. அத்தைப் பெண்ணும் மாமன் பையனும் கிணற்றடியில் மோதிக்கொள்கிற காட்சியை எத்தனை படத்தில் பார்த்திருப்போம். என் பெண்டாட்டிக்கு அந்தப் போர்வை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் மனஸ்தாபம் வந்தால் இப்போது அதைத்தான் சொல்லிக் காட்டுகிறாள்.

முடிவை வைத்துப் பிரிப்பது அக்காவுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி. விண்ணைத்தாண்டி வருவாயா 2010-ல் வந்தது. கௌதம் மேனன் அதே கதையைத் தெலுங்கிலும் வேறு நடிகர்களை வைத்துக் கூடவே எடுத்தார், இரண்டுக்கும் ரஹ்மான் இசை. தமிழில் இருவரும் சேரவில்லை. தெலுங்கில் சேர்ந்துவிடுகிறார்கள். தமிழ் டிவிடி 'வருசம் கழிச்சி' தட்டில் இருக்கிறது. தெலுங்கு டிவிடி நாலு அடி தள்ளி, 'சண்டை போட்டு சேந்தது' தட்டில். வேறு எந்தக் கடையிலும், எந்தச் செயலியிலும் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் கிடக்கும். அக்காவைக் கேட்டால், "சேந்தா வேற படம், சேராட்டி வேற படம்" என்பார். கதை, வசனம், பாட்டு, மழை எல்லாம் ஒன்றாக இருந்தும் வீட்டுக்குக் கொண்டுபோனால் கூடத்தில் நடப்பது வேறு. சேராத படம் முடிந்தால் யாரும் உடனே எழுந்து விளக்குப் போட மாட்டார்கள்.

'தாலிக்கு அப்புறம்' சின்னத் தட்டுதான். உலகத்தில் பெரும்பாலான காதல் படங்கள் கல்யாணத்தோடு மூட்டை கட்டிவிடுகின்றன. அங்கே ஆரம்பிக்கிறவை குறைவு. மௌன ராகம், 1986. டெல்லிக்கு வந்த புது மனைவியிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறான் புருஷன். அவள் விவாகரத்துக் கேட்கிறாள். சட்டப்படி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருஷம்தான் படம். நடுவில் கார்த்திக் வந்து கலக்கிவிட்டுப் போனாலும், மோகன் பேசாமல் இருக்கும் இடங்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன. 2013-ல் வந்த ராஜா ராணியும் இதே தட்டில்தான். அலைபாயுதேயும், வீட்டுக்குத் தெரியாமல் தாலி கட்டிக்கொண்ட பிறகுதான் கதை சூடு பிடிக்கிறது என்பதால், இங்கேயே.

'சொல்லாதது' தட்டு என் வயசு ஆண்களுக்கானது, மறைக்க ஒன்றுமில்லை. ஒரு தலை ராகம், 1980. இதயம், 1991. இதயத்தில் முரளி காதலைச் சொல்லாமல் சொல்லாமல் கடைசியில் இதய நோயாளியாகி, அவள் வந்து சொல்லும்போது சந்தோஷத்தையும் தாங்க முடியாத நிலையில் இருப்பான். இந்தத் தட்டில் தமிழ் அல்லாத ஒரே டிவிடி பக்கத்து மருந்துக் கடைத் தவுக்கே (சீன முதலாளி) கொடுத்தது, வோங் கார்-வாயின் இன் த மூட் ஃபார் லவ், 2000. ஹாங்காங், 1962. அடுத்தடுத்த அறையில் குடியிருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தன் புருஷனும் அவன் பெண்டாட்டியும் கள்ளத்தொடர்பில் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். இவர்களுக்குள்ளும் ஆசை வருகிறது. சொல்வதில்லை. டோனி லியூங் இதற்கு கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கினார். அந்தப் பெண் மீ (நூடுல்ஸ்) வாங்கத் தூக்குச்சட்டியோடு படி இறங்குவதை அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். கதை வேகமாக ஓட வேண்டும் என்பவர்கள் எடுக்காதீர்கள்.

'பாக்காதது' தட்டில் இரண்டே படம். காதல் கோட்டை, 1996, அகத்தியனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. முகம் பார்க்காமல் கடிதத்திலேயே காதல். கடைசியில் ரயில் நிலையத்தில் அவள் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை வைத்துத்தான் ஆளை அடையாளம் தெரிகிறது. நம்ம ஊர் வெயிலுக்கு அந்தக் கதை நடக்காது. அதன் பக்கத்தில் 1998-ன் யூ'வ் காட் மெயில். அதில் ஈமெயில். அந்தப் படமே 1940-ல் வந்த, ஒரே கடையில் வேலை பார்த்துக்கொண்டு ஆள் தெரியாமல் கடிதம் எழுதிக்கொள்கிற இருவரின் கதையை மறுபடி எடுத்ததுதான். அக்காவுக்கு இந்த வரலாறு தெரியாது. அட்டையின் பின்பக்கத்தைப் பேத்தியிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சரியான இடத்தில் வைத்திருக்கிறார்.

'பேய்' தட்டை என் மகள் கேலி செய்வாள். கோஸ்ட், நெஞ்சம் மறப்பதில்லை, நான் ஈ. செத்துப் பேயாக வந்தவன், மறுபிறவி எடுத்தவன், ஈயாகப் பிறந்தவன். செத்த பிறகும் விடாதது என்பதுதான் கணக்கு.

'அழுகை'யைப் பற்றி அதிகம் வேண்டாம். தேவதாஸ் இல்லாமல் அந்தத் தட்டே கிடையாது; 1953, நாகேஸ்வர ராவ், சாவித்திரி. எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ல்தான் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தைப் போட்டார். அதே 1917-ல்தான் வங்காளத்தில் சரத் சந்திரரின் தேவதாஸ் நாவலும் வெளிவந்தது. இரண்டும் நூறு வருஷம் தாண்டி இன்னும் குலை தள்ளிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் பி. ரம்லியின் இபு மெர்துவாகு, 1962. மாமியார் சொன்ன பொய்யால் மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பி அழுதே கண்ணை இழந்தவன், பார்வை திரும்பி வந்து உண்மை தெரிந்ததும், முள்கரண்டியால் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிறான். மலாய்ப் படம் பார்க்காத எங்கள் அம்மாகூட இதற்கு அழுதிருக்கிறார்.

'வருசம் கழிச்சி' தட்டில் 96 எப்போதும் வெளியில்தான் இருக்கும். 2018-ல் வந்தது, பள்ளிக் கூட்டாளிகள் வாட்ஸ்அப்பில் சேர்ந்து பழைய மாணவர் சந்திப்பு வைக்க, அந்த ஓர் இரவு. அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் தமிழ்ப்பள்ளி வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று நல்ல சட்டை போட்ட படங்களை ஆண்கள் போட ஆரம்பித்ததை நான் கவனித்தேன். இதே தட்டில் பிஃபோர் சன்ரைஸ், 1995. ரயிலில் சந்தித்த இருவர் வியன்னா நகரில் விடிய விடியப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அதே நடிகர்கள், அதே இயக்குநர், ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அடுத்த பாகம் எடுத்தார்கள், 2004-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. அக்காவிடம் மூன்றும் ரப்பர் போட்டுக் கட்டிக் கிடக்கின்றன. மூன்றாவது பாகத்தில் அவர்கள் ஹோட்டல் அறையில் போடும் சண்டையைப் பார்த்துவிட்டு, அது 'தாலிக்கு அப்புறம்' தட்டில் இருக்க வேண்டும் என்றேன். "கட்ட அவுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

இனி கூரையை ஒட்டிய தட்டு. நாயகி வேண்டாம் என்று சொன்ன பிறகும் நாயகன் பஸ் நிறுத்தம், கோயில், கல்லூரி என்று பின்னாலேயே போய், அவள் கடைசியில் சரி என்று சொல்லும் படங்கள். தமிழில் இது கணக்கில்லாமல் இருக்கிறது. அதனால் அந்தத் தட்டு இரண்டு வரிசை ஆழம். பள்ளி உடுப்போடு வரும் பையன்கள் கேட்டால் ஏணி இல்லை என்பார். ஏணி அவர் நாற்காலிக்குப் பின்னால் சாத்தி நிற்கும். பெரியவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். பாட்டுக்காகக் கேட்கிறவர்கள் நிறைய. எனக்கு இதில் முழு உடன்பாடு. என் வேனில் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று, நான்கு படிக்கும் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். மோட்டாரில் ஒருவன் வாரக்கணக்கில் வேன் பின்னாலேயே வந்ததும், அவன் அதைக் காதல் என்று நம்பியதும் எனக்குத் தெரியும். 2023-லிருந்து இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை. அவனை நிறுத்தி அதைத்தான் சொன்னேன். மறுநாள் வரவில்லை. சினிமா கெடுத்துவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்லவும் நான் தயாரில்லை. அந்தத் தட்டில் உள்ளவற்றைப் பார்த்துத்தான் நாங்களும் வளர்ந்தோம். ஆனால் மகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்தப் பாட்டுகளே வேறு மாதிரி கேட்கின்றன.

'நம்ம ஊரு' தட்டு ஒல்லியாக இருக்கிறதே என்று வருத்தம்தான். வெண்ணிற இரவுகள், 2014, மியன்மார் வரை போய் எடுத்த நம் மலேசியத் தமிழ்க் காதல் படம். இயக்குநர் யாஸ்மின் அகமதின் செபெட், ஈப்போவில் விசிடி விற்கும் சீனப் பையனுக்கும் ஒரு மலாய்ப் பெண்ணுக்கும் காதல். விசிடி விற்கிறவனை நாயகனாக்கிய ஒரே படம் என்று அக்காவுக்கு அதன் மேல் தனிப் பிரியம். யாஸ்மினே எடுத்த டேலண்டைம், 2009, இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். காது கேளாத தமிழ்ப் பையன் மகேஷ், பாட்டுப் போட்டிக்கு ஒரு மலாய்ப் பெண்ணை மோட்டாரில் ஏற்றி இறக்குகிற வேலை. வீட்டில் அம்மா எதிர்க்கிறார். தடையை வைத்துப் பிரித்தால் மதம், மொழி, துக்கம், காது எல்லாமே இதில் இருக்கிறது. எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல்தான் அக்கா 'நம்ம ஊரு' என்று ஓர் அட்டையே வெட்டினார் என்பது என் சந்தேகம். நானும் ஆளை ஏற்றி இறக்குகிறவன் என்பதால் சொல்லவில்லை, அந்தப் பையன் தலைக்கவசத்தைக் கழற்றும் விதமே அழகு.

குறைகள் இருக்கின்றன, மழுப்பாமல் சொல்கிறேன். பழைய விசிடிகள் ஒரு படத்துக்கு மூன்று டிஸ்க்காக வரும், மூன்றாவது டிஸ்க் கீறல் விழுந்து நிற்கும். அழுகைப் படத்தில் அது உச்சகட்டத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதே வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், வட்டமாகக் கீறியிருந்தால் வாங்காதீர்கள். இந்தியாவிலிருந்து வந்த டிவிடி சில வீட்டுப் பெட்டியில் ஓடாது. அங்கே வட்டாரக் குறி 5, இங்கே 3. அக்காவிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, போட்டுக் காட்டச் சொல்லலாம், ஆனால் அது அவர் சீரியல் பார்க்கும் பெட்டி, நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். கொரியத் தொடர்கள் தரையில் அட்டைப் பெட்டியில் கிடக்கின்றன, வகை பிரிக்காமல். என் மகளுக்கு அதில்தான் கோபம். "எல்லாம் ஒரே அழுவாச்சி, ஒரே மழ, எப்படிப் பிரிக்கிறது?" என்பது அக்கா வாதம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவற்றிலும் ஆபீஸ் காதல், அரண்மனைக் காதல், பேய்க் காதல் எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் உட்கார்ந்து கேட்டால் என் மகளே அட்டை எழுதிக் கொடுப்பாள்.

பெரிய குறை, கதையின் முடிவைச் சொல்லிவிடுவார். நீங்கள் கேட்காமலே. "யாரு பாக்கப் போறது?" என்பார். "அம்மா" என்றால், "அப்ப வேணாம், கடைசியில பையன் பைத்தியமாயிடுவான்" என்று பாலாஜி சக்திவேலின் காதல் படத்தைப் பிடுங்கி வைத்துவிடுவார். முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், "அக்கா, சொல்லாதீங்க." அப்போதும் முகத்தைப் பார்க்காதீர்கள், முகத்திலேயே தெரியும். எனக்கு இது குறையாகவே படவில்லை. வயசான மனுஷியை ராத்திரி பத்து மணிக்கு அழவைத்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று நடு இரவில் வரக்காப்பி போட்டுக் கொடுக்கிறவனுக்குத்தான் அருமை தெரியும்.

வாடகை ஒரு படத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), மூன்று இரவு வைத்துக்கொள்ளலாம். முன்பணம் 10 வெள்ளி, திருப்பித் தருவார். பள்ளி நோட்டில் உங்கள் பெயரையும் எந்தத் தோட்டத்து ஆள் என்பதையும் எழுதிக்கொள்வார். தோட்டம் மூடி வீடமைப்புக்கு வந்தவர்களுக்கும் பழைய தோட்டப் பெயர்தான். பழைய ஒரிஜினல் டிவிடிகளை, ஹோலோகிராம் ஒட்டியது, 8 வெள்ளிக்கு விற்கவும் செய்கிறார். யுனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேராகச் சேர்ந்து வந்தால் நாலாவது படம் சும்மா. வண்டி நிறுத்த மருந்துக் கடைக்குப் பின்னால் இடம் உண்டு, முன்னால் நிறுத்தினால் லோரி இடித்துவிட்டுப் போகும்.

வெள்ளிக்கிழமை மாலை போகாதீர்கள், பூ வியாபாரம் நெருக்கும், படம் கேட்டால் காதிலேயே விழாது. தீபாவளிக்கு முந்திய வாரம் இடது சுவர் முழுவதையும் மறைத்துப் பலகாரத் தகரங்களை அடுக்கிவிடுவார். கல்யாண பரிசு வேண்டுமென்றால் அதற்கு முன்பே போய் எடுத்துவிடுங்கள். அதுவும் எங்கள் அம்மா எடுத்து வைத்திருக்காவிட்டால்தான்.